504 புத்தகமா, அட்டைப் பெட்டியா, வேர்ச்சொல்லா? ஈரானியர்கள் ஆங்கிலச் சொல் சேர்க்கும் வழிகள்

டெஹ்ரான் பல்கலைக்கழகத்துக்கு எதிரே எங்கெலாப் தெருவில் வரிசையாகப் புத்தகக் கடைகள். மேற்படிப்புக்கோ வெளிநாட்டு வேலைக்கோ ஆங்கிலம் படிப்பவர்களிடையே அதிகம் புழங்கும் புத்தகம் '504 அப்சல்யூட்லி எசென்ஷியல் வேர்ட்ஸ்'. அங்கே 504 என்றாலே போதும், எல்லோருக்கும் புரியும்.

மொத்தம் 42 பாடங்கள், பாடத்துக்கு 12 சொற்கள். எடுத்துக்காட்டு வாக்கியங்கள், அப்புறம் ஒரு சிறு கட்டுரை. பழைய சொற்கள் பின்பாடங்களில் திரும்ப வருவது இதன் பெரிய பலம். முதல் பாடத்தின் முதல் சொல் 'அபேன்டன்', அதாவது கைவிடு. அதைப் படித்த கையோடு புத்தகத்தையே கைவிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்!

சிக்கல், பாரசீக விளக்கத்தோடு படிக்கும்போது வருகிறது. 'அபேன்டன்' என்றால் 'தர்க் கர்தன்' என்று குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் பாரசீகத்தில் சிகரெட்டை விடுவதும் தர்க் கர்தன்தான், ஊரை விட்டுப் போவதும் தர்க் கர்தன்தான். அதை நம்பி ஆங்கிலம் பேசினால், சிகரெட்டை 'அபேன்டன்' செய்துவிட்டேன் என்று வரும். எதிரே இருப்பவருக்குப் புரியும், ஆனால் இயல்பாக இருக்காது. 'ரஹா கர்தன்' இன்னும் நெருக்கம். ஆக, ஒற்றை வரிப் பொருளோடு இந்தப் புத்தகத்தைப் படிப்பது பாதி வேலைதான். இதைவிடக் கடினமான '1100' புத்தகம், 46 வாரத் திட்டம், ஜிஆர்ஈ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு) மாதிரி தேர்வு எழுதுபவருக்கு மட்டும் போதும்.

அடுத்து லைட்னர் பெட்டி. சொல்லும் பொருளும் எழுதிய அட்டைகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் பெட்டி, பின் அறைகளை அடிக்கடி புரட்ட வேண்டியதில்லை. ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். ஈரானில் இந்தப் பெட்டியையே கடையில் வாங்கலாம். இதையே போனில் செய்வது ஆன்கி என்ற செயலி. 504-க்கு இதைப் போட்டியாகப் பேசுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. புத்தகம் சொல்லைத் தருகிறது, பெட்டி மறக்காமல் பார்த்துக்கொள்கிறது. அட்டையில் தப்பான பொருளை எழுதினால் அந்தத் தப்பும் மறக்காது, அவ்வளவுதான்.

'கோடிங்' என்று ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லைப் போல ஒலிக்கும் பாரசீகச் சொல்லைப் பிடித்து, இரண்டையும் ஒரு காட்சியில் கோப்பது. வட ஈரானின் மாசந்தரான் பக்கம் விவசாயத்துக்கு நீர் தேக்கும் குளம் 'ஆப்பந்தான்'. யாரும் கவனிக்காமல் விட்ட ஆப்பந்தானை நினைத்துக்கொண்டால் 'அபேன்டன்' மறக்காது. 1975-இல் உளவியல் ஆய்வாளர்கள் அட்கின்சனும் ராவும் ரஷ்யச் சொற்களை வைத்துச் செய்த ஆய்வும் இந்த முறை நினைவுக்கு உதவும் என்றே காட்டியது. ஆனால் அதே பாடத்தின் இரண்டாவது சொல் 'கீன்', ஆர்வம் மிகுந்த. பாரசீகத்தில் 'கீன்' என்றால் பகை, வன்மம். இங்கே ஒலி ஒற்றுமை உதவாது, குழப்பும். எவ்வளவு படித்தாலும் மண்டையில் நிற்காத சில சொற்களுக்கு மட்டும் கோடிங் போதும்.

என் ஓட்டு வேர்ச்சொல் வழிக்கு. ஈரானிய மாணவருக்கு இது கிட்டத்தட்ட சொந்த வீடு. 1979 அரசியலமைப்பின் 16-வது பிரிவின்படி, தொடக்கப் பள்ளிக்குப் பிறகு மேல்நிலை முடியும்வரை அரபி கட்டாயம். க-த-ப என்ற மூன்று எழுத்திலிருந்து கெதாப் (புத்தகம்), காதெப் (எழுத்தர்), மக்தூப் (எழுதப்பட்டது) எல்லாம் கிளைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களிடம் லத்தீனில் 'ஸ்க்ரிப்' என்றால் எழுதுவது, அதிலிருந்துதான் டிஸ்க்ரைப், இன்ஸ்க்ரிப்ஷன், மேனுஸ்க்ரிப்ட் எல்லாம் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனாலும் பலர் இந்தப் பக்கம் வருவதில்லை, பட்டியல் மனப்பாடம்தான் பழக்கம்.

கூடவே ஒரு இலவச மூட்டை இருக்கிறது. 1851-இல் டெஹ்ரானில் தார் உல் ஃபுனூன் என்ற நவீனக் கல்லூரி தொடங்கிய காலத்திலிருந்து நெடுங்காலம் படித்தவர்களின் அயல்மொழி பிரெஞ்சு. அதிலிருந்து வந்த நொஸ்தால்ஜி (நாஸ்டால்ஜியா), ஈதேயோலோஜி (ஐடியாலஜி), ஒப்போசிஸியோன் (ஆப்போசிஷன்) எல்லாம் அன்றாடப் பாரசீகம். ஆங்கிலத்தில் ஒலியை மாற்றினால் போதும். எல்லாவற்றையும் நம்பவும் கூடாது. டெஹ்ரானில் 'ஆஜான்ஸ்' கூப்பிடு என்றால் டாக்ஸி கூப்பிடு என்று அர்த்தம், ஆங்கில ஏஜென்சி வேறு.

வாசிப்பு இல்லாமல் இதெல்லாம் முழுமையாகாது. எழுத்து ஆங்கிலத்தில் 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும்) வேண்டும் என்பது மொழியியலாளர் பால் நேஷனின் கணக்கு. பட்டியலில் இருந்து அவ்வளவும் வராது. ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கப் போகிறவர் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலின் 570 சொற்குடும்பங்களில் தொடங்குவது நல்லது. அவற்றில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்க வழி வந்தவை என்பதால் வேர் வழி நேரடியாக உதவும். இரண்டு மூன்று மாதத்தில் ஐஇஎல்டிஎஸ் எழுத வேண்டியவருக்கு இந்த வேர் ஆராய்ச்சிக்கெல்லாம் நேரமில்லை. 504-ஐ எடுத்து, முழு வாக்கியமாக அட்டையில் எழுதி, பெட்டியில் போட்டுவிடட்டும்.

அட்டையில் உச்சரிப்பைப் பாரசீக எழுத்தில் மட்டும் எழுத வேண்டாம். குறில் உயிர்களை அந்த எழுத்துமுறை பொதுவாகக் காட்டாது. அதோடு ஆங்கிலத்தில் w, v என்று வேறு வேறு ஒலியில் தொடங்கும் wary (கவனமான), vary (மாறுபடு) என்ற இரண்டு சொற்களும் பாரசீகத்தில் ஒரே 'வாவ்' எழுத்தில்தான் தொடங்கும். ஆன்கியில் ஒலியையே அட்டையில் சேர்க்கலாம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் போன், பெட்டியை ஜெயித்துவிடுகிறது.