தொலைந்த பார்சலுக்கு நூறு ரூபாயா? கூரியரிடம் இழப்பீடு கேட்க எந்த வழி மேல்?

என் மனைவி இளம்பிள்ளையில் புடவை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறார். ஓர் ஆடி மாதத்தில் நான்கு புடவைகளைத் திருநெல்வேலிக்குக் கூரியரில் அனுப்பினார். சரக்கின் மதிப்பு 11,600 ரூபாய், அனுப்பிய கட்டணம் 140 ரூபாய். மதுரை வரை போய்ச் சேர்ந்ததாக இணையத்தில் காட்டியது. அதோடு சரி. பதினெட்டு நாள் நடையாய் நடந்த பிறகு, கிளையை எடுத்து நடத்துபவர் ரசீதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஒரு வரி: பார்சல் தொலைந்தால் நிறுவனம் தருவது அதிகபட்சம் 100 ரூபாய். வாங்கிய கட்டணத்தைவிட நாற்பது ரூபாய் குறைவு!

அன்று தொடங்கி எங்கெங்கே முறையிடலாம் என்று தேடினேன். நான்கைந்து கதவுகள் இருக்கின்றன. எல்லாக் கதவும் எல்லோருக்கும் திறப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பார்சலை அனுப்பியவரா நீங்கள், வர வேண்டியவரா? இணையக் கடையில் பொருள் வாங்கி அது வந்து சேரவில்லை என்றால் கூரியர் அலுவலகத்தின் வாசலை மிதிக்கவே வேண்டாம். கூரியரை அமர்த்தியது கடைக்காரர். உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. 2020-இன் மின்வணிக விதிகளின்படி அங்கே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். "கூரியர்காரரிடம் கேளுங்கள்" என்று கடைக்காரர் கைகாட்டினால் மசியாதீர்கள். இனி நான் பேசப்போவது எங்களைப் போல அனுப்பிவிட்டுத் தொலைத்தவர்களுக்கு.

கையெழுத்துக் கட்டம்

அந்த நூறு ரூபாய் வரி செல்லுமா? செல்லும், செல்லாது, இரண்டுக்கும் தீர்ப்பு உண்டு. 1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில், ஜெர்மனிக்கு டிஎச்எல் கூரியரில் அனுப்பிய ஆவணக் கவருக்காக மாநில நுகர்வோர் ஆணையம் நாலு லட்சத்துக்கும் மேல் இழப்பீடு கொடுத்திருந்தது. டிஎச்எல் ரசீதில் இருந்த வரம்போ 100 டாலர். கையெழுத்துப் போட்டவர் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் 100 டாலரையே உறுதிசெய்தது. கூரியர் வழக்கறிஞர்கள் இன்றைக்கும் முதலில் நீட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் அனுப்பியவர் கையெழுத்தே போடவில்லை, நிபந்தனையை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை என்றால், பொடி எழுத்தில் அச்சிட்டதை வைத்து மட்டும் அவரைக் கட்டிப்போட முடியாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் வேறு வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வீட்டுக்கு ஓடிப்போய் ரசீதை எடுத்துப் பார்த்தேன். பில் போட்ட பையன் முகவரியை அவனே எழுதியிருந்தான். அனுப்புநர் கையெழுத்துக் கட்டம் வெறுமையாக இருந்தது. 11,600 ரூபாய்க்கு மிச்சமிருந்த ஒரே பிடிமானம் அந்த வெற்றுக் கட்டம். உங்கள் ரசீதில் அங்கே கையெழுத்து இருந்தால், கீழே வரும் எந்த வழியில் போனாலும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1915

தேசிய நுகர்வோர் உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், செலவு கிடையாது, வீட்டை விட்டு நகர வேண்டியதும் இல்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். அதற்கு மேல் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எங்களுக்கு வந்த பதில்: "நிபந்தனைப்படி 100 ரூபாய் தரத் தயார்." புகார் முடிக்கப்பட்டது. இதை வீண்வேலை என்று நினைக்காதீர்கள். பார்சல் தொலைந்துவிட்டது என்பதை அதுவரை வாய்திறந்து ஒப்புக்கொள்ளாத நிறுவனம் முதல்முறையாக எழுத்தில் ஒப்புக்கொண்டது இங்கேதான். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்ப் பொருள் என்றால் இதோடு நின்றுவிடலாம் என்பதே என் கணக்கு.

ஆணையமா, மக்கள் நீதிமன்றமா?

போட்டி உண்மையில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை எல்லோருக்கும் தெரியும். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அது இன்னும் எளிதாகிவிட்டது. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். கட்டணத்தை முடிவு செய்வது நீங்கள் கேட்கும் தொகை அல்ல, சேவைக்காகக் கொடுத்த தொகை. அது ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. நாங்கள் கொடுத்தது 140 ரூபாய் அல்லவா! இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளின் விலையோடு மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். இந்தத் தாராளம் வேறெங்கும் கிடைக்காது.

இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று காலம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வாய்தாக்கள் வேறு விதமாகச் சொல்லும். வென்றாலும் நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், தொகையில் பாதியைக் கட்டிவிட்டு. இரண்டாவது எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கானது. வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் அல்லர். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், "இவர் புடவை வியாபாரி" என்று எதிர்த்தரப்பு முதல் நாளே ஆட்சேபம் எழுப்பினால், அந்த ஒரு கேள்வியைத் தீர்ப்பதற்கே சில வாய்தாக்கள் கழியும். ஊரிலிருக்கும் மகனுக்கு முறுக்கும் அதிரசமும் அனுப்பித் தொலைத்த தாய்க்கு இந்தத் தொல்லை இல்லை.

நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஓர் ஊழியர் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவ்வப்போது சனிக்கிழமைகளில் கூடுகிற லோக் அதாலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் சில சேவைகளைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். வான், சாலை, நீர் வழியாகச் சரக்கைக் கொண்டு செல்வதும் அஞ்சலும் அதில் உண்டு. ஒரு கோடி ரூபாய் வரையிலான தகராறைக் கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள். எதிர்த்தரப்பு முரண்டு பிடித்தால், சாதாரண லோக் அதாலத்தைப் போலக் கோப்பை மூடிவிடாமல், இவர்களே தீர்ப்பும் சொல்வார்கள். நீங்கள் நுகர்வோரா வியாபாரியா என்று இங்கே யாரும் துருவுவதில்லை.

குறையும் உண்டு. இது எல்லா ஊரிலும் இல்லை. எங்களுக்குப் பஸ் செலவு ஆனது. தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே வழி. வேறு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே இங்கே வர வேண்டும். இங்கே மனுப் போட்ட பிறகு அதே தகராறைத் தூக்கிக்கொண்டு இன்னொரு நீதிமன்றத்துக்கு ஓட முடியாது. ஆக, இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டிப் பார்க்கலாம் என்ற சாமர்த்தியம் எடுபடாது.

நாங்கள் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். இரண்டாம் அமர்வில் நிறுவனத்தின் அதிகாரி வந்தார். வெற்றுக் கையெழுத்துக் கட்டத்தைப் பார்த்தார், 1915-க்கு அவர்களே எழுதிய பதிலைப் பார்த்தார். 9,000 ரூபாயில் பேச்சு முடிந்தது. ஆணையத்துக்குப் போயிருந்தால் முழுத் தொகையும் மேலே கொஞ்சமும் கிடைத்திருக்கலாம் என்று என் மைத்துனர் இன்றும் குத்திக் காட்டுகிறார். இருக்கலாம். தீபாவளிச் சரக்கு எடுக்கக் கையில் பணம் வேண்டியிருந்தது.

லாரி பார்சலும் தபாலும்

மூட்டையாக லாரி பார்சல் சர்வீஸில் போடுகிறவர்களுக்கு 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டம் பொருந்தும். பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தால்தான் வழக்கே போடலாம். "வந்துவிடும், வந்துவிடும்" என்ற பேச்சை நம்பி ஏழு மாதம் காத்திருப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். 140 ரூபாய்க்கு 1,400. கூரியரின் நூறு ரூபாயோடு ஒப்பிட்டால் இது கௌரவமான தொகை! கூரியரில் அனுப்பியவரும் அந்த 180 நாளுக்குள் அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் சான்று கிடைக்கும் வழியில் நோட்டீஸ் அனுப்பிவிடுவது நல்லது. நாளைக்கு அந்தச் சட்டம் தங்களுக்கும் பொருந்தும் என்று கூரியர் நிறுவனமே வாதாடினாலும் நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

அரசுத் தபாலில் அனுப்பியிருந்தால் இந்தச் சண்டை நடந்திருக்காது என்பார் சிலர். தொலைவது குறைவாக இருக்கலாம், ஆனால் தொலைந்தால் கேட்கும் உரிமை அங்கேதான் மிகக் குறைவு. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சலகச் சட்டத்திலும் தொடர்கிறது: விதிகளில் சொன்ன அளவுக்கு மேல் அஞ்சலகத்துக்குப் பொறுப்பில்லை. தனியார் ரசீதின் பின்பக்கம் இருப்பதை அங்கே நாடாளுமன்றமே எழுதிக் கொடுத்திருக்கிறது. விலை உயர்ந்த பொருளைத் தபாலில் போடுவதானால் காப்பீடு செய்து போடுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வைப்பதும் சிலர் செய்வது. பார்சல் பிரிக்கப்பட்டு உள்ளே செங்கல் வைத்திருந்தது போன்ற திருட்டுக்கு அது சரி. வெறுமனே காணாமல் போனதற்கு அங்கிருந்து பணம் வராது.

இப்போது என் மனைவி ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பார்சலுக்கு மதிப்பை ரசீதிலேயே எழுதச் சொல்லி ரிஸ்க் கட்டணத்தையும் கட்டிவிடுகிறார். அதற்குக் கீழே இருந்தால் கட்டுவதில்லை. போன வாரம் அதே கிளையில் பில் போடும் பையன் ரசீதை எங்கள் பக்கம் தள்ளி, பேனாவையும் நீட்டினான். "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் அக்கா, இப்போது கட்டாயமாக்கிவிட்டார்கள்."