பசுமைக் கட்டடத்தில் பாடம் நடத்திய அனுபவம், திருகோணமலையிலிருந்து

மழைநீர்த் தாங்கி, கூரையில் சோலார், இரண்டு பக்கமும் அகன்ற விறாந்தை என்று எங்கள் பாடசாலைக்கு ஒரு பசுமைக் கட்டடம் கிடைத்துப் பல வருடங்களாகிவிட்டன. நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கட்டடம் தானாக எதையும் படிப்பிக்காது. சுவரில் ஒட்டிய விளக்கப் பலகைகளை முதல் தவணைக்குப் பிறகு ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டடத்தின் வேலைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்த பிறகுதான் விஷயம் மாறியது.

அதில் முதல் வேலை தண்ணீர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர், இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு தரம் 8 பிள்ளைகள் கூரையை அளந்தார்கள், ஏறக்குறைய 200 சதுர மீற்றர் வந்தது. வாடைக்காலத்தில் 50 மில்லிமீற்றர் கொட்டுகிற நாளில் 10,000 லீற்றர் கூரையில் விழும், எங்கள் தாங்கி கொள்வதோ 8,000. அப்போ மிச்சம் எங்கே போகுது சேர் என்று அவர்களே கேட்டார்கள். இப்போது வழிகிற தண்ணீர் கிணற்றுப் பக்கம் வெட்டிய குழியில் இறங்குகிறது, ஏனென்றால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் கிணறு உவர்த்துப்போவது அவர்கள் வீடுகளிலும் நடப்பதுதான். தாங்கியின் நுளம்பு வலை கிழிந்திருக்கிறதா என்று வாராவாரம் பார்ப்பதும் பிள்ளைகள்தான். 2017இல் பக்கத்திலுள்ள கிண்ணியாவை டெங்கு என்ன பாடு படுத்தியது என்று தெரிந்த ஊரில் அதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படவில்லை.

சோலார் எனக்கே நல்ல பாடம். 2022 மின்வெட்டில் வெயில் கொளுத்துகிறது, கூரை நிறையப் பனல், வகுப்பிலோ ஃபேன் சுழலவில்லை. ஏன்? மின்சார சபை லைனோடு இணைத்த, பற்றரி இல்லாத சோலார், லைனில் மின் நின்றதும் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் லைனில் வேலை செய்கிறவருக்கு உயிராபத்து. மின்னைச் சேமித்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்று எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது.

அப்புறம் நிழல். நாம் இருப்பது வட அகலக்கோடு எட்டரைப் பாகையில். ஏப்ரல் 12 அளவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கிலிருந்து விழும். வடக்கு விறாந்தைக்கும் ஏன் கூரையை அவ்வளவு வெளியே நீட்டி விட்டிருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் ஒரு தடியை நட்டு நிழலை அளந்தே கண்டுபிடித்தார்கள். ஏப்ரலில் வருடப்பிறப்பு லீவு என்பதால் அந்த அளவை வீட்டு முற்றத்தில் எடுத்து வந்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கடற்காற்றில் பீலி தாங்கும் இரும்புகள் வேகமாகத் துருப்பிடிக்கின்றன, கட்டடத்துக்குக் காசு வந்தது, பராமரிப்புக்கு வரவில்லை. சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான் முழுக் கவலை, அவர்களை இதற்குள் இழுக்க முடியவில்லை. இருப்பதில் பெரிய தலையிடி இடமாற்றம். கட்டடத்தை அறிந்த ஆசிரியர் போய்விட்டால் அடுத்தவர் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, அதனால் இப்போது அளவுகளை எழுதும் கொப்பியைத் தரம் 9 பிள்ளைகள் தரம் 8க்குப் படிப்பித்துக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

புதுக் கட்டடம் வரப்போகிற பாடசாலைகள் ஒப்பந்தகாரர் போகுமுன் வரைபடத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்கும் மின்னுக்கும் தனி மீற்றர் போடச் சொல்லுங்கள், அதுவும் பிள்ளைகளின் கண் உயரத்தில்.