பட்ஜெட் போலரைசர்: கண்ணாடி தங்கம், வளையம் தலைவலி

கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு சி.பி.எல். (லென்ஸ் முன்னால் மாட்டிப் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர்) போதுமா, காசு சேர்த்து நல்லதாக வாங்கவா என்று நண்பர் கேட்டார். அந்த விலையில் வாங்கிய ஒன்றைத்தான் வருஷக்கணக்கில் கேனான் 18-55 எஸ்.டி.எம்., 55-250 லென்ஸ்கள் இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். இரண்டுக்கும் 58 மி.மீ. மரைதான்.

படத்தில் குறையே சொல்ல மாட்டேன். வால்பாறையில் மழை விட்டதும் தேயிலைச் சரிவைப் பாருங்கள். ஈர இலையெல்லாம் வானத்தைப் பிரதிபலித்து வெள்ளையாக மினுங்கும், பச்சையே தெரியாது. ஃபில்டரின் முன்வளையத்தை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் அந்த வெள்ளை மறைந்து, இலை நரம்பு வரை பச்சை எழும். ஒவ்வொரு முறையும் எனக்கு அது சந்தோஷம்தான். வானத்துக்கு நீலத்தைக் கம்ப்யூட்டரில் கூட்டிக்கொள்ளலாம். இலையின் பளபளப்பில் மறைந்த நிறமோ சென்சாருக்கே வந்து சேரவில்லை, அப்புறம் எங்கிருந்து மீட்பது? லேசாக மஞ்சள் அடிக்கும், ரா-வில் (கேமரா பதப்படுத்தாத கோப்பாக) எடுத்தால் சரிசெய்துவிடலாம். ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் குறைவதும், 18 மி.மீ. அகலக் கோணத்தில் வானம் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளுப்பு என்று திட்டாக விழுவதும் விலை உயர்ந்த ஃபில்டரிலும் உண்டு.

வளையம்தான் உயிரை வாங்குகிறது. பின்வளையம் லென்ஸ் மரையில் ஏறும், முன்வளையம் தனியாகச் சுற்ற வேண்டும். தனுஷ்கோடி மணல் உள்ளே புகுந்ததிலிருந்து அது கரகரவென்று இழுக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் ஃபில்டரே கழன்று வருகிறது. மறுபக்கம் திருப்பினால் பின்வளையத்தையும் இழுத்துக்கொண்டு போய் மரையில் இறுக்கிவிடுகிறது. இறுகிய பிறகு கழற்றப் பார்த்தால் முன்வளையம் மட்டும் சுற்றும். பிடிக்க வேண்டிய பின்வளையத்தின் விளிம்போ ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன்தான். அழுத்திப் பிடித்தால் மெல்லிய அலுமினியம் நெளிந்து இன்னும் இறுகும்.

சென்ற மாதம் சர்வீஸ் கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் பின்வளையத்தின் மேல் ரப்பர் பேண்டைச் சுற்றி, எல்லா விரலாலும் சமமாகப் பிடித்து, அழுத்தாமல் திருப்பினார். வந்துவிட்டது. ஆனால் லென்ஸின் மரை பிளாஸ்டிக். அதன் முதல் சுற்றை அலுமினியம் செதுக்கியிருந்தது. சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய லென்ஸ் அது, இன்னும் ஆறவில்லை.

ஆகவே என் பதில்: வேண்டாம். இவ்வளவு நல்ல படம் தந்தும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொஞ்சம் பொறுத்து, பித்தளை வளையமோ, பின்வளையத்தில் விரல் பிடிக்கிற அளவு தடிமனும் வரிகளும் உள்ளதோ வாங்குங்கள். மெலிதான 'ஸ்லிம்' வகை பக்கமே போகாதீர்கள். 67 மி.மீ. ஃபில்டர் வாங்கி, அதைச் சிறிய மரையில் மாட்ட உதவும் ஸ்டெப்-அப் ரிங் போடும் யோசனை நல்லதுதான், நாளைக்குப் பெரிய லென்ஸ் வாங்கினாலும் உதவும். ஆனால் லென்ஸ் ஹூட் (வெயில் மறைப்பு) மாட்ட முடியாது.

கடையிலேயே முன்வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். அப்புறம், மரைப் பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடியை நோக்க, ஃபில்டரைக் கண்ணருகே பிடித்து அதன் வழியாகவே பாருங்கள். கண்ணாடியில் தெரியும் ஃபில்டர் கறுப்பாக இருக்க வேண்டும், திருப்பிப் பிடித்தால் தெளிய வேண்டும். இரண்டு பக்கமும் தெளிவாகவே இருந்தால் அது சி.பி.எல். அல்ல, பழைய லீனியர் வகைப் போலரைசர். உங்களுடையது டி.எஸ்.எல்.ஆர். என்பதால் ஃபோகஸும் மீட்டரும் தடுமாறும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.