டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்

பழைய டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலுள்ள மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள். புரட்டாசிக் கடைசியில் எங்களுக்கு நடந்தது இது. பெட்ரோல் பங்கில் நேர்ந்த தவறைக்கூட மன்னித்துவிடுவேன், கூட்டத்தில் யாருக்கும் கை மாறும். அதை மறைக்க அவர்கள் சொன்ன பொய்யையும், அதற்குப் பிறகு நடந்த ஏமாற்றையும்தான் மன்னிக்க முடியவில்லை.

எங்களுடையது அப்பா 2005இல் வாங்கிய டாடா இண்டிகா டீசல். அப்பாவின் கண் பரிசோதனைக்காக மன்னார்குடியிலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்பினோம். குறுவை அறுவடை நேரம். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. பங்கில் டீசல் பக்கம் டிராக்டர்களும், கேனோடு வந்த அறுவடை இயந்திரக்காரர்களும் வரிசை கட்டி நின்றார்கள். ஊழியர் எங்களை மறுபக்கம் வரச் சொன்னார். "1,500க்கு டீசல்" என்று தெளிவாகவே சொன்னேன். மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்தேன், கையிலிருந்த குழாயைப் பார்க்கவில்லை. எங்கள் காரின் டேங்க் மூடியில் 'டீசல்' என்று ஒட்டியிருந்த தாள் உரிந்து வெகுகாலம் ஆகிறது.

அப்பாவுக்குத்தான் முதலில் வாடை தட்டியது. "பெட்ரோல் வாடையல்லவா வருகிறது, தம்பி?" என்றார். அதற்குள் 14 லிட்டருக்கு மேல் இறங்கிவிட்டது. டேங்கில் ஏற்கெனவே ஐந்து லிட்டர் டீசல் இருந்திருக்கும்.

மேலாளர் ஓடி வந்தார். "ஒன்றும் ஆகாது சார், பழைய எஞ்சின் எதையும் தாங்கும். மேலே 5 லிட்டர் டீசல் ஊற்றித் தருகிறேன், காசு வேண்டாம், கலந்து ஓடிவிடும்" என்றார். அப்பா தயங்கினார். கண் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்ததால் நான்தான் வண்டியை எடுத்தேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சரக்கு ரயில் கடக்கும்வரை எஞ்சினை அணைத்துவைத்தேன். கேட் திறந்தபோது வண்டி கிளம்ப மறுத்தது. பிறகு வெள்ளைப் புகையோடு முக்கி முனகிக் கிளம்பி, டக் டக் என்று அடித்துக்கொண்டு ஐம்பது அடி போய் நின்றேவிட்டது. பின்னால் இரண்டு பஸ்கள். 74 வயதில் அப்பா இறங்கித் தள்ளினார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பழைய எஞ்சின் தாங்கும் என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. குளிர் நாடுகளில் டீசல் உறைந்துபோகாமல் இருக்க, பழைய கார்களில் சிறிதளவு பெட்ரோல் கலந்து ஓட்டிய காலம் உண்டு. எங்கள் டேங்கிலோ பாதிக்கு மேல் பெட்ரோல். இந்த வகை காரில் எஞ்சினுக்கு எரிபொருளை அனுப்பும் பம்ப்புக்குள் உரசும் உறுப்புகளுக்கு டீசலேதான் எண்ணெய். பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவிவிடும். இரும்போடு இரும்பு உரசி, உதிரும் துகள், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் நாசில்வரை போகும். டீசல் எஞ்சினில் எரிபொருள் அழுத்தத்திலேயே தானாகப் பற்ற வேண்டும். பெட்ரோல் அப்படி எளிதில் பற்றாது. வண்டி முனகியதும் அடித்ததும் அதனால்தான்.

பங்குக்குப் போன் செய்தேன். "எங்களுக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது" என்று ஆள் அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து 18,500 ரூபாய்க்குப் பில் வந்தது: பம்ப் சர்வீஸ், நான்கு புது நாசில், டேங்க் சுத்தம். கழற்றிய பழைய நாசில்களைக் கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள். ஒரே வாரத்தில் அதே புகை, அதே சத்தம்.

கும்பகோணத்தில் டீசல் பம்ப் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் முதலில் கீழே படுத்து டேங்க் போல்ட்டுகளைப் பார்த்தார். வருடக்கணக்கான சேறு அப்படியே இறுகிக் கிடந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. நாசில்களைக் கழற்றிக் காட்டினார். நான்கும் கரி பிடித்த பழசு. நாசிலைக் கழற்றினால் மாற்றியே ஆக வேண்டிய செம்பு வாஷர்களும் பழையவை. டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து அப்பாவிடம் நீட்டினார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே தேவையில்லை. ஃபில்டரை மட்டும் மாற்றி, மேலே டீசல் ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியவர் திறந்தவெளியில் வைத்துத்தான் டேங்கை இறக்கினார். பெட்ரோல் கலந்த டீசல் பெட்ரோலைப் போலவே பற்றும், கொட்டகைக்குள் வைத்து எடுக்கக் கூடாது என்றார். லைன் முழுவதையும் கழுவி, ஃபில்டர் மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, கெட்டுப்போன இரண்டு நாசில்களையும் பம்ப் சீல்களையும் மாற்றினார். 9,400 ரூபாய். பங்கிலேயே வண்டியைக் கிளப்பாமல் தள்ளி நிறுத்தியிருந்தால் டேங்கை இறக்கிக் கழுவுவதோடு முடிந்திருக்கும். மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புதுக் காமன் ரெயில் வண்டிகளில் எஞ்சின் ஓடவே வேண்டாம், சாவியைத் திருப்பினாலே பல வண்டிகளில் டேங்க் மோட்டார் எரிபொருளை இழுக்கத் தொடங்கிவிடும்.

பங்க்காரர்கள் இப்போது, நான்தான் பெட்ரோல் கேட்டேன் என்கிறார்கள். இலவசமாக ஊற்றிய 5 லிட்டருக்குப் பில் இல்லை. கேமரா பதிவை இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன், அழிந்துவிட்டது என்றார்கள். உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அன்றே, அங்கேயே, புகார்ப் புத்தகத்தில் எழுதுங்கள். பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பில்லில் 'எம்.எஸ்.' என்றிருந்தால் பெட்ரோல், 'எச்.எஸ்.டி.' என்றிருந்தால் டீசல். எனக்கு இது அதுவரை தெரியாது. லிட்டர் விலையைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். திருவாரூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பங்க் மீதும் ஒர்க்‌ஷாப் மீதும் மனு கொடுத்திருக்கிறேன். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கும்பகோணம் பெரியவர், தான் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். பங்க் பில்லில் 'எம்.எஸ்.' என்ற எழுத்து அதற்குள் மங்கத் தொடங்கிவிட்டது. நல்லவேளை, அன்று இரவே அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன்; அந்தப் படத்தின் நகலைத்தான் மனுவோடு இணைத்திருக்கிறேன்.