செம்பன் எவ்வளவுக்கு வளருவான்? மூன்று வருடத் தராசுக் கணக்கு

குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்த அன்றே அம்மா கேட்டது ஒன்றுதான்: "இது எவ்வளவுக்கு வளரும்?" திருகோணமலையில் அந்தக் கேள்விக்கு ஒரு நியாயம் இருக்கிறது. காலையில் நாயை நடத்திக்கொண்டு போகப்போவது அம்மா. அவர் போகும் பிரட்றிக் கோட்டைப் பக்கம் புள்ளிமான்கள் தாராளமாகத் திரியும். மானைக் கண்டு பாய்கிற முப்பது கிலோ நாயை அவருடைய கை தாங்காது.

தாய் ஊர் நாய், சிவப்பு நிறம். தகப்பன் பக்கத்து ஒழுங்கை அல்சேசன் என்றார்கள். செம்பனின் காதுகள் மூன்றாம் மாதத்திலேயே விறைத்து நின்றுவிட்டதால் எல்லோரும் அதை நம்பினார்கள். பாதத்தைப் பிடித்துப் பார்த்தவர்கள் "குதிரை மாதிரி வருவான்" என்றார்கள். மூன்று வருடம் கழித்துச் சொல்கிறேன், பாதத்தை நம்பாதீர்கள். காதையும் நம்பாதீர்கள். காது ஒருவரைக் கொண்டு பிறக்கும், உடம்பு இன்னொருவரைக் கொண்டு வளரும். நாயின் பருமனில் பெரிய பங்குள்ள ஐஜிஎஃப்1 என்ற மரபணுவை 2007இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். அதற்கும் காது நிமிர்வதற்கும் தொடர்பில்லை.

நான் நம்பியது தராசை. ஞாயிறு காலை, சாப்பாட்டுக்கு முன், குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு என் எடையைக் கழிப்பேன். அவன் என் கழுத்தை நக்கி நெளிவான். எண் நிலைக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எட்டாம் கிழமை 3.2 கிலோ. எடையைக் கிழமைக் கணக்கால் வகுத்து 52ஆல் பெருக்கும் வழக்கமான கணக்கில் 20.8 வந்தது. ஆனால் அப்போது அவனுக்கு வயிறு நிறையப் பூச்சி. வயிறு பானை போல, முதுகெலும்பு விரலில் தட்டும். பூச்சி மருந்து கொடுத்த பின் பன்னிரண்டாம் கிழமை 6.3, பதினாறாம் கிழமை 9.6. அதே கணக்கு இப்போது 31.2 என்றது. அம்மா பயந்துபோனார். தச்சரிடம் சொல்லியிருந்த நாய்க்கூட்டின் அளவைக்கூடப் பெரிதாக்கினோம்.

மிருக வைத்தியர் வேறு கணக்குச் சொன்னார்: நடுத்தர நாயென்றால் நான்கு மாத எடையை இரட்டிப்பாக்கு. 19.2. வகுத்துப் பெருக்கும் கணக்கு, குட்டி வருடம் முழுவதும் ஒரே வேகத்தில் வளரும் என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் முதல் ஆறு மாதம் ஓட்டம், பிறகு நடை. சிறிய நாய்கள் பத்து மாதத்துக்குள் நின்றுவிடும், பெரியவை ஒன்றரை வருடம்வரை வளரும். அதனால் சிறிய நாய்க்கு இரட்டிப்பு கூடச் சொல்லும், பெரிய நாய்க்குக் குறைத்துச் சொல்லும்.

எந்தக் கணக்குக்கும் வயது சரியாக இருக்க வேண்டும். எடுத்து வளர்க்கும் குட்டிகளில் பிழை பெரும்பாலும் அங்கேதான். எங்களுக்கு உதவியது ஒரு பல். வாசல் தும்புக் கால்மிதியில் அரிசி மணியளவில், வேரில் இலேசான இரத்தக் கறையோடு கிடந்தது. முன்பற்கள் நான்கு மாதமளவில் விழத் தொடங்கும். நாங்கள் வைத்திருந்த வயதோடு அது ஒத்துப்போனது. அந்தப் பல் இன்னும் தீப்பெட்டிக்குள் இருக்கிறது.

ஆறு மாதத்தில் 14.5, ஒன்பதில் 18.6, ஒரு வயதில் 20.4, ஒன்றரை வயதில் 21.2. இன்றும் அதற்குச் சற்று மேலேதான். இரட்டிப்புக் கணக்கு இரண்டு கிலோ தவறியது, மற்றது பத்து. எட்டாம் கிழமையில் வந்த 20.8 சரியான விடைதான், ஆனால் பூச்சியால் வந்த சரி. ஒரே ஒரு நாள் எடையை வைத்து யாரும் முடிவு கட்டக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

நாய்க்கூடு பெரிதாகவே இருக்கிறது. மழைக்காலத்தில் செம்பன் அதில் கால் நீட்டிப் படுக்கிறான். காலையில் கோட்டை வாசலில் மான் குறுக்கிட்டால் அம்மா கயிற்றை ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு நின்றுவிடுகிறார். அவன் உடம்பு நடுங்க நிற்பான், இழுப்பான். அவர் அசைவதில்லை.