தாரில் ஐந்து வருடம்: ரிவர்ஸ் ஏற்றத்தில் ஃபோர் வீல்

தாண்டிக்குடிக்குக் கீழே எங்கள் காப்பித் தோட்டத்தில் களம் மேட்டில் இருக்கிறது. மேலே வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. மூட்டை ஏற்ற, காலி வண்டியை ரிவர்ஸிலேயே மேலே கொண்டுபோக வேண்டும். 2021-இல் வாங்கிய டீசல் மேனுவல் மஹிந்திரா தார் ஜீப்பில் அன்றிலிருந்து இதே வேலைதான்.

முதல் ஐப்பசி மழையிலேயே திகைத்துவிட்டேன். முன்பக்கமாக டூ வீலில் (பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை) ஏறிய அதே செம்மண் ஏற்றம், ரிவர்ஸில் பாதிகூடப் போகவில்லை. பின் சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி பறித்தது. தோட்டத்துத் தம்பி, “அண்ணே, ரிவர்ஸுக்கும் ஃபோர் வீல் வேலை செய்யுமா?” என்று கேட்டான். செய்யும். இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸைத் தாண்டித்தான் இருக்கிறது. எந்த கியரில் இருந்தாலும் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும்.

சொல்லப்போனால் ரிவர்ஸ் ஏற்றத்தில்தான் அது அதிகம் தேவை. சரிவில் வண்டியின் கனம் கீழ்ப்பக்கம் சாயும். முன்பக்கமாக ஏறும்போது கீழே இருப்பது பின் சக்கரம்; டூ வீலில் தள்ளுவதும் அதுவே. ரிவர்ஸில் பின் சக்கரம் மேட்டுப்பக்கம் போய் லேசாகிவிடுகிறது. கனம் முன் சக்கரத்தில், அதற்கோ இழுவை இல்லை. ஃபோர் வீல் போட்டால்தான் அதுவும் சேர்ந்து தள்ளும்.

ஃபோர் ஹையில் (நாலு சக்கர இழுவை, வழக்கமான வேகம்) ஏறலாம், ஆனால் பாதி கிளட்சிலேயே நிற்க வேண்டியிருக்கும். கருகிய வாடை வந்துவிடும். இப்போது ஏற்றத்தின் அடியிலேயே நிறுத்தி, நியூட்ரல் போட்டு, கிளட்சை மிதித்து, வேகம் குறைந்து இழுவை கூடும் ஃபோர் லோவுக்கு மாற்றுகிறேன். கிளட்சை முழுதாக விட்டபின் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தாலே போதும், ஊர்ந்து ஏறிவிடும். கண்ணாடியைப் பார்த்து ஒடிக்க நேரமும் கிடைக்கிறது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மேலே சிமெண்டுக் களம் வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இல்லை. திருப்பத்தில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். மண்ணில் வழுக்கிச் சமாளிக்கும், சிமெண்டில் முடியாது. ஸ்டியரிங் இறுகும், பிரேக் பிடித்ததுபோல் வண்டி திணறும், டயர் கீச்சிடும். ஃபோர் வீல் லிவரும் சில நேரம் வெளியே வராது. அப்போது இழுத்துப் பிடுங்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராக்கி, சில அடி முன்னும் பின்னும் நகர்த்தினால் இறுக்கம் விட்டு லிவர் தானாகக் கழன்று வரும்.