60 சிப்பாய்கள், ரூ.18,600: மினியேச்சர்களுக்கு வண்ணம் பூசக் கொடுப்போர் கவனத்திற்கு

ரூ.18,600 போயிற்று. நேற்றிரவு ஒன்பது மணிக்கு நான் வண்ணம் பூச ஆள் பிடித்த விற்பனைச் செயலியிலிருந்து “தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று ஒரே வரியில் செய்தி வந்தது; அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. சிறிய அளவு இராணுவ மினியேச்சர்களை, அதாவது பிளாஸ்டிக் சிப்பாய் உருவங்களை, திருத்தி வண்ணம் பூசும் வேலையை வெளியாரிடம் ஒப்படைக்க எண்ணுபவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்பு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

என்னிடம் இருந்தவை 1/72 அளவுச் சிப்பாய்கள். ஐந்தேமுக்கால் அடி உயர மனிதன் இந்த அளவில் 24 மில்லிமீட்டர்தான் இருப்பான். தீக்குச்சியில் பாதிக்குச் சற்றே கூடுதல். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் இத்தகைய சின்னஞ்சிறு உருவங்களை 1959-இல் அரண்மனைக் காவற்படையின் வாத்தியக் குழுவோடு விற்கத் தொடங்கியது. அந்த வரிசையில் பின்னர் வந்த, வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரிட்டிஷ் எட்டாம் படையின் பெட்டியொன்றை நான் பள்ளியில் படிக்கும்போது சிங்கப்பூரிலிருந்து என் மாமா கொண்டுவந்தார். அந்தப் பெட்டியில் தப்பிப் பிழைத்தவையும், பிற்பாடு சிறுகச் சிறுக நானே வாங்கிச் சேர்த்தவையுமாக 60 உருவங்கள் இருந்தன. அவற்றை இரண்டாம் உலகப் போரில், 1941-இல் எரித்ரியாவின் கெரென் மலைக்கணவாயில் இத்தாலியர்களோடு போரிட்ட நான்காம் இந்திய டிவிஷனின் ஆட்களாக மாற்ற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அந்த டிவிஷனின் பொறியாளர் கம்பெனிகளில் மதராஸ் சாப்பர்களுடையதும் (வழி திறக்கும் படைப் பொறியாளர்கள்) ஒன்று. என் பெரியப்பா அந்தக் காலத்துச் சாப்பர். (எட்டாம் படை என்ற பெயரே 1941 செப்டம்பரில்தான் வந்தது, கெரென் சண்டையோ மார்ச்சிலேயே முடிந்துவிட்டது என்று நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் சொல்வார்கள். காக்கி அரைக்கால் சட்டையும் பருத்தி வார்களும் இரண்டிடத்திலும் ஒன்றுதான் என்பதால் அந்த உருவங்களே போதும்.)

காலாட்களில் 40 பேருக்கு இரும்புத் தொப்பியைச் சீவி எடுத்துவிட்டுத் தலைப்பாகை கட்ட வேண்டும். மீதி 20 பேரைச் சாப்பர்களாக்கி, கையிலுள்ள துப்பாக்கியை நீக்கிக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொடுக்க வேண்டும். கணவாய்ச் சாலையில் இத்தாலியர்கள் வெடிவைத்துச் சரித்துவிட்ட பாறைகளை இந்தியச் சாப்பர்கள் அகற்றி வழி திறந்த காட்சிதான் நான் அமைக்க நினைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்பாயிருந்தால் நானே செய்திருப்பேன். இப்போது வயது 64, ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மறு கண்ணில் எடுக்க வேண்டும். 24 மில்லிமீட்டர் உருவத்தின் தோள்வாரை ஒரே இழுப்பில் வரைய என் கை இப்போது இணங்குவதில்லை.

கைவினைப் பொருள்களைச் செய்து விற்போர் தங்கள் பக்கங்களை வைத்திருக்கும் ஒரு கைப்பேசிச் செயலியில், “மினியேச்சர்களுக்கு வண்ணம் பூசித் தரப்படும்” என்று அறிவித்திருந்த ஓர் இளைஞரை அப்படித்தான் கண்டேன். அவர் பக்கத்தில் ஒரு சிப்பாயின் அண்மைப்படம் இருந்தது: முகத்தில் வெயில் காய்ந்த சிவப்பு, சட்டை மடிப்புகளில் நிழல், பூட்ஸின் கயிறு உட்பட அத்தனையும் துல்லியம். நான் எழுதினேன், அவரே தொலைபேசியில் அழைத்தார். தமிழிலேயே பேசினார்.

நான் ஏமாந்தது பணம் அனுப்பிய வேளையில் அன்று. அந்த முதல் அழைப்பின் ஐந்தாவது நிமிடத்தில். தலைப்பாகை என்று நான் சொன்னவுடன் அவர், “சார், நாற்பது பேரும் சீக்கியரா, இல்லை பஞ்சாபி முஸ்லிம்களும் உண்டா? முஸ்லிம்களுக்கு நடுவில் குல்லா கூர்மையாகத் தெரிய வேண்டுமே” என்று கேட்டார். இந்தக் கேள்வியை என் வாழ்நாளில் வேறு எவரும் என்னிடம் கேட்டதில்லை. சீக்கியர்களுடைய பாகையில் குல்லா கிடையாது, மற்றவர்கள் பலர் கூம்பு வடிவக் குல்லாவைச் சுற்றித்தான் பாகையைக் கட்டினார்கள் என்பது இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவருக்கே தெரியும். அதோடு விடவில்லை. “மதராஸ் சாப்பர்களைப் படையில் தம்பி என்றுதானே சார் கூப்பிடுவார்கள்?” என்றார். அந்தப் பேச்சில் குளிர்ந்துபோய், அன்றிலிருந்து நானும் அவரைத் தம்பி என்றே அழைத்தேன். இன்று நினைத்தால் கூசுகிறது. விஷயம் தெரிந்தவன் வேலையும் தெரிந்தவனாக இருப்பான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். விஷயத்தை ஒரு மாலைநேரத்தில் படித்துவிடலாம், கை பழக ஆண்டுகள் ஆகும் என்று மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொன்னவன் நான்.

உருவத்துக்கு ரூ.310 வீதம் 60-க்கு ரூ.18,600 என்று பேசி முடித்தோம். பாதி, அதாவது ரூ.9,300, செயலி வழியாக முன்பணம். ஐந்து வாரம் என்றது ஒன்பது வாரம் ஆயிற்று. நல்ல வேலைக்குக் காலம் பிடிக்கும் என்று நானே அவருக்காக என் மனைவியிடம் வாதாடினேன். ஒன்பதாவது வாரம் ஒரு காலையில் படம் வந்தது: அறுபது பேரும் மேசைமேல் வரிசையாக, சற்றே தொலைவிலிருந்து, கண்கூசும் விளக்கொளியில். “சார், கூரியர் ஆள் வாசலில் நிற்கிறார், மீதியை என் எண்ணுக்கே நேரடியாக அனுப்பிவிடுங்கள், செயலியில் போட்டால் கைக்கு வர மூன்று நாள் ஆகும்” என்றார். அனுப்பினேன். இன்னும் ரூ.9,300. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது பஞ்சு. பூச்சு காய்வதற்குள் பஞ்சில் பொதித்து அனுப்பியிருக்கிறார். அறுபது பேருக்கும் உடலெங்கும் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. இடுக்கியால் ஒரு நாரை இழுத்தேன், அதோடு முழங்கால் வரைக்கும் காக்கி உரிந்து வந்தது, சட்டையைக் கழற்றுவதுபோல. ஏன் உரிந்தது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் அதிகம் வலித்தது. இந்த உருவங்கள் பாலிஎத்திலீன் என்னும் வளையும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வண்ணம் இதில் இலகுவில் ஒட்டாது. வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்று வருவதற்காக இடும் எண்ணெய்ப் படலமும் மேலே இருக்கும். ஆகவே முதலில் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலை இட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிரைமரோ நீர் கலந்த ஃபெவிகாலோ ஒரு பூச்சுக் கொடுத்து, அதன் மேல்தான் வண்ணத்துக்குப் போக வேண்டும். அதுவும், துப்பாக்கி முனையும் கணுக்காலும் வளையும்போது கூடவே வளைந்துகொடுக்கிற அக்ரிலிக்தான் இதற்கு ஏற்றது. எனாமல் இறுகி வெடித்துவிடும். தொலைபேசியில் இதையெல்லாம் எனக்கே எடுத்துச் சொன்ன மனிதர், கழுவாத பிளாஸ்டிக்கின்மேல் நேரடியாகப் பளபளக்கும் எனாமலைத் தடவியிருக்கிறார்.

தலைப்பாகைகளைப் பற்றி எழுதவே கை நடுங்குகிறது. இரும்புத் தொப்பியைச் சீவாமல் அதன் மேலேயே எம்-சீலை உருட்டி அப்பியிருந்தார். சீக்கியருக்கும் குல்லாக்காரருக்கும் வேறுபாடே இல்லை, நாற்பது பேரும் தலையில் கொழுக்கட்டையைச் சுமந்தவர்களைப் போல நின்றார்கள். பாலிஎத்திலீனில் புட்டியும் சும்மா ஒட்டாது. தலையில் மெல்லிய துளையிட்டு, ஒரு துண்டுக் கம்பியைச் செருகி, அந்தக் கம்பியைப் பிடிமானமாகக் கொண்டு புட்டியை இழை இழையாகச் சுற்ற வேண்டும். அப்படிச் செய்யாததால் பெட்டியின் அடியில் பதினொரு கொழுக்கட்டைகள் தனியே உருண்டுகிடந்தன. பரிசோதனைக்காகவோ என்னவோ, பதினான்கு பேருக்குத் தலையைக் கழுத்தோடு அறுத்துச் சூப்பர் குளூவால் மீண்டும் ஒட்டியிருந்தார். விரல் பட்டதும் அவை விழுந்துவிட்டன. பக்கவாட்டில் ஓடும் வார்ப்புக் கோடுகளை அவர் புது பிளேடால் சீவியிருக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் நார்நாராகப் பிய்ந்து நிற்கிறது. வார், சட்டை, கால்சட்டை எல்லாவற்றுக்கும் ஒரே காக்கி. பாலைவெயிலில் வார்கள் வெளுத்து வெண்மஞ்சளாகத் தெரியும் என்பதெல்லாம் பேச்சோடு சரி. இந்த அளவில் கண்ணுக்கு ஒரு கருங்கோட்டு நிழல் போதும், அவரோ வெள்ளைப் புள்ளி வைத்துக் கறுப்புப் புள்ளியும் வைத்திருந்தார், அறுபது பேரும் பேயைக் கண்டவர்கள்போல் என்னை விழித்துப் பார்த்தார்கள். கடப்பாரையும் மண்வெட்டியும் எவர் கையிலும் இல்லை.

பிறகு அவருடைய பக்கத்திலிருந்த அந்த மாதிரிப் படத்தை மீண்டும் பார்த்தேன். பூட்ஸ் கயிறு! 24 மில்லிமீட்டர் உருவத்தில் கயிறு வார்க்கப்பட்டு நான் கண்டதே இல்லை. அந்தப் படத்தில் இருப்பது 1/35 அளவு, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள கெட்டிப் பிளாஸ்டிக் உருவம். அதை அவர்தான் பூசினாரா என்பதே இப்போது ஐயம். நாற்பது ஆண்டுகளாக இதில் கிடந்தவன் கயிற்றைப் பார்த்து மகிழ்ந்தேனே ஒழிய, கயிறு எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

அன்று மாலையே அழைத்தேன். “கூரியரில் வெயில் பட்டிருக்கும் சார்” என்றார். மறுநாள், “நான்கு நாள் காற்றாட வையுங்கள், இறுகிவிடும்.” நான்கு நாள் கழித்து, “உங்கள் பிளாஸ்டிக்கே பழசு சார், அது வண்ணத்தை ஏற்கவில்லை, நான் என்ன செய்வது?” அறுத்த தலைகளைப் பற்றிக் கேட்டதற்கு, “கலை வேலைக்கு உத்தரவாதம் கிடையாது, பெரியவர் நீங்கள் இதற்கெல்லாம் இவ்வளவு கோபப்படலாமா?” என்றார். ஆறாம் நாள் என் அழைப்புகள் போகவில்லை, அவருடைய முகப்படமும் மறைந்துவிட்டது. என்னைத் தடுத்துவிட்டார் என்பதை என் மகள்தான் பார்த்துச் சொன்னாள்.

செயலியின் வாடிக்கையாளர் சேவையில் மனிதர் எவரும் கிடைக்கவில்லை. முதல் மூன்று பதில்களும் ஒரே வாக்கியம். நான்காவதாக, பெட்டியைத் திறக்கும்போதே எடுத்த காணொளி உண்டா என்று கேட்டார்கள். நான் ஆசையோடு பெட்டியைத் திறந்தேனே தவிர வழக்குக்குச் சான்று சேர்க்கத் திறக்கவில்லை. ஐந்தாவதாக, வாடிக்கையாளர் சொற்படி செய்த பொருளுக்குத் திரும்பப் பெறுதல் பொருந்தாது என்றார்கள். சொற்படி செய்யவில்லை என்பதுதானே ஐயா என் புகார்! இரண்டாவது ரூ.9,300 செயலிக்கு வெளியே கொடுத்தது, அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை, முதல் ரூ.9,300-க்குரிய பொருள் “ஒப்படைக்கப்பட்டது” என்று பதிவாகியுள்ளது, ஆகவே அதற்கும் பொறுப்பில்லை. கூட்டினால் ரூ.18,600, எவருமே பொறுப்பில்லை. பள்ளி நாள்களிலிருந்து வைத்திருந்த உருவங்களின் விலை இந்த ரூ.18,600-இல் சேரவில்லை, அதற்கு விலை போடவும் எனக்குத் தெரியவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். பொழுது விடிந்துவிட்டது, பொறுமையும் இல்லை, தோன்றியதை மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு உருவத்தை அனுப்பிச் செய்துவரச் சொல்லுங்கள், வந்ததை நகத்தால் கீறிப் பாருங்கள். அதன் பிறகு மற்றதை அனுப்பலாம். மாதிரிப் படத்தில் உருவத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கூட்டமாக நிற்கவைத்த படத்தைப் பார்த்து மீதிப் பணம் கொடுக்காதீர்கள். கூரியர் ஆள் வாசலில் நின்றால் நிற்கட்டும். செயலிக்கு வெளியே ஒரு ரூபாயும் வேண்டாம். பெட்டியைத் திறக்கும்போது காணொளி எடுங்கள், வெட்கமாக இருந்தாலும்.

முறையிட வேண்டியவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, இணையவழிப் பண மோசடிக்கு 1930. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இத்தகைய தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். அவருடைய பெயரைத் தேடுவதிலேயே எனக்கு இரண்டு நாள் போயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான விண்ணப்பத்தை இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை. “குறைபாட்டின் விவரம்” என்னும் கட்டம் மூன்று அங்குலம்தான் இருக்கிறது; குல்லாவுக்கும் சீக்கியப் பாகைக்கும் உள்ள வேறுபாட்டை அதற்குள் எப்படி அடக்குவது என்று தெரியாமல், “தலைகள் 14, தனியாக” என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.